மாமூல் – ஒரு சொல்லும் மூன்று செயல்களும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தமிழைப் பத்தி ஏதாவது பேசுங்க அண்ணே, ஆனா பசங்க தூங்கிடக் கூடாது" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் இங்கே தமிழ் இலக்கியம் படித்தவன். பிழைப்புக்குப் போன இடம் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம், வாகன உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. அங்கே கொள்முதல் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். "தமிழ் படிச்சதுக்கும் போல்ட் நட்டு வாங்குறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டவர்கள் பலர். சம்பந்தம் உண்டு. ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதைச் சொல்லப் பார்க்கிறேன். அந்தச் சொல், மாமூல்.

முதலில் அந்த ஊர்ப்பக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதி முழுக்க ஏரிகள். ஆறு வற்றினாலும் ஏரி காப்பாற்றும் என்று வாழ்ந்த சீமை அது. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998-ல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தி தொடங்கி, 2014-ல் மூடிக்கொண்டு போனது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ – நிஸான், 2012-ல் டைம்லர் லாரி. இப்படி ஒவ்வொரு பெரிய ஆலைக்குப் பின்னாலும் நூற்றுக்கணக்கில் சின்னக் கம்பெனிகள்: லேத் பட்டறை, பெயின்ட் ஷாப், கேன்டீன் கான்ட்ராக்ட், ஆட்களை ஏற்றும் பஸ், கழிவு இரும்பு எடுக்கும் ஸ்கிராப் வியாபாரி. ஒவ்வொருவருக்கும் பத்து இடத்தில் கையெழுத்து வேண்டும், பத்து இடத்தில் வண்டி நிற்க வேண்டும். கையெழுத்தும் வண்டி நிற்கும் இடமும் இருந்தால், அங்கே ஒரு சொல்லும் பிறந்துவிடும்.

எத்தனை சொற்கள், பாருங்கள். "கவனிச்சுக்குங்க", "பார்த்துச் செய்யுங்க", "டீ செலவுக்கு", "பசங்களுக்கு ஏதாவது", "ஸ்வீட் பாக்ஸ்", "கட்டிங்", "கமிஷன்", "ஃபைல் நகரணும்ல?" இதில் எந்த இடத்திலும் லஞ்சம் என்ற சொல் வராது. லஞ்சம் என்பது செய்தித்தாளில் வரும் சொல், மேடையில் வரும் சொல். கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அது வாயில் வராது.

இன்னும் ஒரு வேடிக்கை. "அந்த ஆபீஸர் எப்படி?" என்று கேட்டால், "அவர் வாங்க மாட்டார்" என்கிறோம். எதை வாங்க மாட்டார்? காய்கறியா, கடிதமா? செயப்படுபொருளே இல்லாத வாக்கியம். ஆனாலும் தமிழ் தெரிந்த யாரும் தடுமாறுவதில்லை. சொல்லவே வேண்டாத அளவுக்கு அந்தப் பொருள் நமக்குப் பழகிப்போய்விட்டது. இலக்கணத்தில் எழுவாய் மறைந்து வரும், தோன்றா எழுவாய் என்று படித்தோம். இங்கே மறைவது லஞ்சம்.

இனி சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லஞ்சம் வடக்கிலிருந்து வந்த சொல். பாலி மொழியிலேயே 'லஞ்ச' என்றால் இதே பொருள்தான். தெலுங்கில் லஞ்சம், கன்னடத்தில் லஞ்ச. ஆக, புத்தர் காலத்து மொழியிலிருந்து நம் தாலுகா ஆபீஸ் வரை பொருள் மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. இலங்கைத் தமிழர் இலக்கண சுத்தமாக 'இலஞ்சம்' என்று எழுதுவார்கள். 1994-ல் அங்கே அமைத்த ஆணைக்குழுவின் பெயரிலேயே இலஞ்சம், ஊழல் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன.

தமிழ் பைபிளில் இதற்குப் பரிதானம் என்ற சொல் வரும். பரிதானம் கண்ணுள்ளவனையும் குருடாக்கும் என்ற கருத்து அங்கே உண்டு. நம் தனித்தமிழ்ச் சொல் கையூட்டு. கைக்கு ஊட்டுவது, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. மலையாளத்தில் இதே வேலைக்குக் கைக்கூலி என்கிறார்கள். தமிழ்நாட்டில் கைக்கூலி என்றால் அடுத்தவன் ஏவலுக்கு ஆடுகிறவன். தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் கைக்கூலி என்றால் வரதட்சணை. ஒரே சொல், மூன்று வீட்டில் மூன்று அர்த்தம். ஆனால் மூன்றிலும் ஒரு கை நீண்டிருக்கிறது.

ஊழல் வேறு ஜாதிச் சொல். ஊழ்த்தல் என்றால் கனிந்து, அதையும் தாண்டி அழுகிப்போவது. பதம் கெட்டுப்போனது ஊழல். ஆங்கிலத்தில் கரப்ஷன் என்கிறார்களே, அதற்கும் லத்தீன் மூலத்தில் உடைந்து கெட்டுப்போதல் என்றுதான் பொருள். இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே உவமைக்குப் போயிருக்கிறார்கள். அழுகுதல் என்பது ஒரு ஆள் செய்யும் காரியம் அல்ல, ஒரு பொருளுக்கு நேரும் நிலை. கூடையில் ஒரு பழம் அழுகினால் மற்றதும் அழுகும். லஞ்சத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். ரசாயனம் தடவிய நோட்டைக் கொடுத்து, வாங்கியவர் கையைச் சோடா உப்புக் கரைசலில் நனைத்தால், பினாப்தலீன் பவுடர் இளஞ்சிவப்பாக நிறம் காட்டிவிடும். ஊழலுக்கு அப்படி நிறம் காட்டும் கரைசல் கிடையாது. அதற்குக் கணக்குப் புத்தகத்தைத்தான் பிரிக்க வேண்டும்.

இப்போது மாமூலுக்கு வருவோம்.

இது அரபுச் சொல். அமல் என்றால் செயல். "இந்தச் சட்டம் இன்று முதல் அமலுக்கு வருகிறது" என்கிறோமே, அதே அமல். பழைய காலத்து வரி அதிகாரி அமல்தார். அதே வேரிலிருந்து வந்ததுதான் மாமூல்: செய்யப்பட்டு வருவது, நடைமுறையில் உள்ளது. வளைகுடா நாட்டில் இருக்கும் நம் நண்பர்கள் கடையில் பேரீச்சம்பழம் வைத்த ஒரு தின்பண்டம் பார்த்திருப்பார்கள். அதன் பெயரும் மாமூல்தான். 'செய்தது' என்று அர்த்தம். இங்கே நாம் மாமூலுக்கு ஸ்வீட் பாக்ஸ் என்று பெயர் வைத்தோம். அங்கே ஸ்வீட்டுக்கே மாமூல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நவாப் ஆட்சி, கம்பெனி ஆட்சிக் காலங்களில் இது வருவாய்த்துறைச் சொல்லாகத் தமிழில் வேரூன்றியது. ஏரிப் பாசனத்தில் எந்த மதகை எப்போது திறப்பது, யார் வயலுக்கு முதல் தண்ணீர், கடைமடைக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் மாமூல். எழுதி வைத்த பத்திரம் இருக்காது. பாட்டன் காலத்திலிருந்து நடந்து வருவதுதான் உரிமை. தண்ணீர்த் தகராறு கோர்ட்டுக்குப் போனால், "மாமூல் என்ன?" என்பதுதான் கேள்வி. 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கில – இந்தியச் சொல்லகராதி, மாமூல் என்றால் வழக்கம் என்றும், கீழைநாட்டார் அதற்குத் தரும் மரியாதை ஆங்கிலேய வக்கீல்கள் முன்தீர்ப்புக்குத் தரும் மரியாதைக்குக் குறைந்ததல்ல என்றும் விளக்குகிறது. எவ்வளவு கௌரவமான சொல், பாருங்கள். ஏழைக் குடியானவனின் தண்ணீர் உரிமையைக் காப்பாற்றிய சொல் அது.

இன்றும் அந்த நல்ல பொருள் முழுசாகச் சாகவில்லை. "மாமூலா வர்ற பஸ்", "நம்ம மாமூல் கஸ்டமர்", "புயலுக்குப் பிறகு நகரம் மாமூல் நிலைக்குத் திரும்பியது" என்றெல்லாம் சொல்கிறோம். ஆனால் மாமூல் என்று தனியாகச் சொன்னால் இப்போது யாருக்கும் மதகு ஞாபகம் வருவதில்லை. வாரம்தோறும், மாதம்தோறும் போகும் பணம்தான் ஞாபகம் வருகிறது.

இந்த மாற்றம் எப்படி நடந்தது? வழக்கமாகக் கொடுப்பதை வழக்கம் என்றே அழைத்தார்கள். பெயரே அதற்கு உரிமைப் பத்திரம் ஆகிவிட்டது. "லஞ்சம் கொடு" என்று கேட்டால் கேட்பவனுக்கும் கூசும். "மாமூல் வரலியே" என்று கேட்டால் பாக்கி வைத்திருப்பவன் நாம் என்று ஆகிவிடுகிறது! குற்றவாளி மாறிவிட்டார், கவனித்தீர்களா? இனாம் என்ற சொல்லுக்கும் இதே கதைதான். மன்னர் கொடுத்த நிலம் இனாம். 1948-லும் 1963-லும் வந்த சட்டங்களால் அந்த இனாம் நிலங்கள் ஒழிந்தன. தீபாவளி இனாம் மட்டும் ஒழியவில்லை.

நாம் மட்டும்தான் இப்படி என்று வெட்கப்பட வேண்டாம். மலேசியாவில் இதைக் காப்பிக் காசு என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒயின் ஜாடி என்பார்கள். நம் ஊரில் டீ செலவு. உலகம் பூராவும் இந்தப் பணத்தை ஏதாவது ஒரு பானத்தில் கரைத்துத்தான் குடிக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கச் செய்தியில், "மாமூல் கேட்டு மிரட்டிய ரவுடி கைது" என்று அடிக்கடி தலைப்பு வரும். அதே ஊரில், காக்கிச் சட்டை போட்டவர் கேட்டாலும் மாமூல் என்றே பேச்சு. தள்ளுவண்டிக்காரரிடம் கேளுங்கள். "இவங்களுக்கு ஒரு மாமூல், அவங்களுக்கு ஒரு மாமூல்" என்று ஒரே மூச்சில் சொல்வார். சட்டம் இரண்டு பேரையும் வெவ்வேறு பிரிவில் வைத்திருக்கிறது. மக்கள் மொழி இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது. செங்கோல் பிடித்தவன் கேட்பது வேல் பிடித்தவன் வழிமறித்துக் கேட்பதைப் போன்றது என்று வள்ளுவர் கொடுங்கோன்மை அதிகாரத்தில் சொல்லியிருப்பது இதைத்தான். அவர் குறளில் சொன்னதைத் தள்ளுவண்டிக்காரர் ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறார்.

இப்போது என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன். லஞ்சம், மாமூல், ஊழல் மூன்றையும் நாம் ஒன்றுபோலப் பேசுகிறோம். மூன்றும் வேறு வேறு செயல்கள், மூன்றுக்கும் மருந்து வேறு. சொல்லைக் குழப்பினால் மருந்தும் குழம்பிப்போகும்.

லஞ்சம் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக. ஒரு ஃபைல், ஒரு அனுமதி, ஒரு கையெழுத்து. காரியம் முடிந்தால் கணக்கு முடிந்தது. மாமூல் எந்தக் காரியத்துக்காகவும் இல்லை. நம்மைச் சும்மா விடுவதற்காகக் கொடுப்பது; அதனால் அது முடிவதே இல்லை. ஊழல் என்பது பொதுச் சொத்தைக் காக்க வேண்டிய இடமே அழுகிப்போவது. அங்கே கொடுக்கிறவன், வாங்குகிறவன் என்று இரண்டு பேர் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை.

மாமூலுக்கு மருந்து, வண்டி நிற்கும் இடத்தை எடுத்துவிடுவது. ஒரு உதாரணம். எங்கள் லாரிகள் ஒரு காலத்தில் ஜேஜே ஃபார்ம் இல்லாமல் நகராது. வணிகவரி செக்போஸ்ட்டில் வரிசை கட்டி நிற்கும். டிரைவர் பேட்டாவோடு "வழிச் செலவு" என்று தனியாக ஒரு தொகை எழுதி வாங்கிப் போவார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது மாநில எல்லைகளில் இருந்த வணிகவரி செக்போஸ்ட்டுகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரலில் மின்னணு வழிச்சீட்டு வந்தது. ஜிஎஸ்டியில் வியாபாரிகளுக்கு ஆயிரம் குறை இருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் யாருக்கும் ஒரே நாளில் மனசாட்சி வந்துவிடவில்லை. நிற்கும் இடம் போனது. அங்கே கை நீட்டவும் ஆள் இல்லாமல் போனது. இன்னும் வண்டி நிற்க வேண்டிய வேறு இடங்களில் மாமூல் நின்றபாடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லஞ்சத்துக்கு மருந்து, வெளியே சொல்வது. இந்திய தண்டனைச் சட்டம் 1860-லேயே, சட்டப்படியான ஊதியம் அல்லாத எந்தப் பலனையும் அரசு ஊழியர் வாங்கக் கூடாது என்று எழுதிவிட்டது. அதில் டீ, ஸ்வீட், மாமூல் என்ற வேறுபாடே இல்லை. 1962-ல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர் நம் தஞ்சை மாவட்டத்துக்காரரான கே.சந்தானம். 1964-ல் அவர் குழு கொடுத்த அறிக்கை 'ஸ்பீட் மணி' என்ற வழக்கத்தைப் பேசியது. சட்டவிரோதமான காரியத்துக்கு அல்ல, நியாயமாக நடக்க வேண்டிய காரியம் சீக்கிரம் நடக்கக் கொடுக்கும் பணம். அதில் ஆபத்து என்னவென்றால், வேகத்துக்கு விலை வைத்தவுடன், விலை கொடுக்காதவனின் ஃபைலை மெதுவாக்க வேண்டிய அவசியம் வந்துவிடுகிறது. வேகத்தை விற்க வேண்டுமானால் முதலில் தாமதத்தைத் தயாரிக்க வேண்டும். அந்த அறிக்கையின் விளைவாகத்தான் மத்திய கண்காணிப்பு ஆணையம் பிறந்தது.

இப்போது நடப்பில் இருப்பது 1988-ம் வருடத்து ஊழல் தடுப்புச் சட்டம். 2018-ல் அதைத் திருத்தினார்கள். தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல்துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட்டால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஏழு ஆண்டு, ஏழு நாள். இரண்டு ஏழையும் மறக்காதீர்கள். முன்கூட்டியே புகார் கொடுத்து, பொறி வைத்துப் பிடிக்க உதவியாகப் பணம் கொடுப்பவருக்கும் அந்தப் பிரிவு பொருந்தாது. ரவுடி கேட்டால் அது வேறு சட்டம்: மிரட்டிப் பணம் பறித்தல், 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 308-ம் பிரிவு. இரண்டையும் மாமூல் என்று ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாது.

ஊழலுக்கு மருந்து, கணக்குக் காட்டுவது. இதற்கு நாம் வெளிநாடு போக வேண்டாம். அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் நிற்கின்றன. குடவோலை முறையைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுவோம். அதில் யாருக்கெல்லாம் தகுதி இல்லை என்ற பட்டியலை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை மறுபடி குடத்தில் போடக் கூடாது. அவர் மட்டுமா? அவருடைய தகப்பன், மகன், சகோதரன், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், சித்தி பெரியம்மா பிள்ளைகள் வரை வரிசையாகச் சொல்லி, இவர்கள் பெயரும் கூடாது என்கிறது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே 'பினாமி' என்றால் என்ன என்று அந்த ஊர்ச் சபைக்குத் தெரிந்திருக்கிறது! திருடியவனுக்கு அங்கே தனியாக ஒரு விலக்கு உண்டு. கணக்குக் காட்டாதவன் திருடினான் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. காட்டவில்லை என்பதே போதும்.

கணக்கு என்று சொன்னதும், நம் காலத்து வழக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் தொழிற்சாலைப் பகுதி அல்ல, சென்னையில் நடந்தது. 2019 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் காக்னிசன்ட் நிறுவனத்தின் மேல் ஒரு நடவடிக்கையை அறிவித்தது. சென்னையில் கட்டிய பெரிய வளாகத்தின் திட்ட அனுமதிக்காக, 2014-ல் தமிழ்நாட்டு அரசு அதிகாரி ஒருவருக்குச் சுமார் 20 லட்சம் டாலர் கொடுக்க ஏற்பாடு நடந்தது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை, சுமார் 2.5 கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. முன்னாள் நிர்வாகிகள் இருவர் மேல் தனியாகப் போடப்பட்ட கிரிமினல் வழக்கை 2025-ல் அமெரிக்க நீதித்துறையே கைவிட்டது. அவர்கள் மேல் குற்றம் நிரூபணமாகவில்லை.

ஒரு கொள்முதல்காரனாக என் கண் போன இடம் வேறு. அந்தப் பணம் எந்தப் பெயரில் கணக்கில் ஏறியது? ஆணையத்தின் கூற்றுப்படி, கட்டட ஒப்பந்தக்காரர் பணத்தைக் கொடுப்பது, அதை நிறுவனம் "கூடுதல் வேலை" என்று மாற்று ஆணை பில்களில் கலந்து திருப்பித் தருவது என்று ஏற்பாடு. ஒரு செங்கல் கூடக் கூடுதலாக வைக்காத கூடுதல் வேலை. சின்னப் பட்டறையில் 'இதர செலவு', 'பூஜை செலவு'. பெரிய இடத்தில் 'மாற்று ஆணை'. தொகையில் வித்தியாசம் உண்டு. சொல்லின் வேலையில் வித்தியாசம் இல்லை. லஞ்சம் பொய்யான பெயர் இல்லாமல் கணக்குப் புத்தகத்துக்குள் நுழைய முடியாது. அதனால்தான் சொல்கிறேன், இது தமிழ் படித்தவனுக்கும் உள்ள விஷயம். பெயரைச் சரியாக எழுதுகிறவன் ஒருவன் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தால் பாதிக் கதவு மூடிவிடும்.

இனி, நான் உட்கார்ந்திருந்த மேஜைக்கே வருகிறேன். இதுவரை அரசு அலுவலகம் பற்றிப் பேசினோம், எல்லோரும் சந்தோஷமாகக் கேட்டீர்கள். இப்போது தனியார் கம்பெனி. அங்கே புழங்கும் சொல் கமிஷன்.

கமிஷன் நேர்மையான சொல். தரகர் வாங்குவது, ஏஜென்ட் வாங்குவது, மண்டிக்காரர் வாங்குவது கமிஷன். இரண்டு பக்கமும் தெரிந்து, பில்லில் எழுதி வாங்குவது. அதே பெயரில், கம்பெனியில் சம்பளம் வாங்கும் ஒருவர் சப்ளையரிடம் ரகசியமாக வாங்கும் பணமும் ஓடுகிறது. நம் ஊழல் தடுப்புச் சட்டம் அடிப்படையில் அரசு ஊழியரைக் குறிவைத்தது. தனியார் கம்பெனி ஆள் தனியார் சப்ளையரிடம் வாங்குவதை லஞ்சம் என்றே பெயர் சொல்லித் தண்டிக்கும் தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை. மோசடி, நம்பிக்கை மோசடி என்று சுற்றிவளைத்துத்தான் போக வேண்டும். 2010-ல் வந்த பிரிட்டிஷ் லஞ்சச் சட்டம் இதையும் லஞ்சம் என்றே சொல்கிறது. இந்தியா 2011-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையும் இதைக் குற்றமாக்குவது பற்றி யோசிக்கச் சொல்கிறது. சட்டத்தில் பெயர் இல்லாததால் பேச்சிலும் பெயர் இல்லாமல் போய்விட்டது.

நான் பார்த்த ஒரு லேத் பட்டறைக்காரர். நான்கு மெஷின், ஆறு ஆள். ஒரு கம்பெனிக்கு புஷ் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். அங்கே ஒருவருக்கு இரண்டு பர்சென்ட் போய்க்கொண்டிருந்தது. அது மூன்றானது, ஐந்தானது. ஐந்து பர்சென்ட் எங்கிருந்து வரும்? அவருக்கு லாபமே அவ்வளவுதான். முதலில் ஓவர்டைம் காசு குறைந்தது. பிறகு இரும்பின் தரம் குறைந்தது. பிறகு ஒரு நாள் மொத்தச் சரக்கும் 'ரிஜெக்ட்' என்று திரும்பி வந்தது. பட்டறை மூடியது. கமிஷன் வாங்கியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த சப்ளையர் வந்தார். அந்த ஆறு ஆளில் இரண்டு பேர் நம் கல்லூரி இருக்கும் இந்தத் தாலுகாக்காரர்கள். "யாருக்கும் நஷ்டமில்லாத பணம் சார் இது" என்று கமிஷன் வாங்குபவர்கள் சொல்வதுண்டு. நஷ்டம் யாருக்கு என்று அந்த ஆறு வீட்டில் கேட்டால் தெரியும்.

கடைசியாக, இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு நேராக வரும் கமிஷன் ஒன்று உண்டு. வேலைக்கான கமிஷன். "ஒரகடத்துல பெரிய கம்பெனியில பர்மனென்ட் போஸ்ட்டிங், எச்.ஆர். நமக்குத் தெரிஞ்சவர்தான், ஐம்பதாயிரம் ஆகும்" என்று ஊரில் ஒரு ஆள் வருவார். அதற்கு அவர் வைக்கும் பெயர் 'பிராசஸிங் ஃபீஸ்', 'டெபாசிட்', 'டிரெயினிங் சார்ஜ்'. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போகும். கிடைப்பது பெரும்பாலும் ஏழெட்டு மாதத்துக் கான்ட்ராக்ட் வேலை. சில சமயம் அதுவும் இல்லை. வேலைக்குக் காசு கொடுத்துச் சேர்ந்தவன், சேர்ந்த முதல் நாளிலிருந்தே அந்தக் காசை எங்கே எடுப்பது என்று பார்ப்பான். அழுகல் அங்கே ஆரம்பிக்கிறது. தம்பி, ஊழல் என்ற சொல்லின் பழைய அர்த்தத்தை நான் ஏன் அவ்வளவு நேரம் சொன்னேன் என்று இப்போது புரிகிறதா?

அதனால் இரண்டு வேண்டுகோள்.

மாணவர்களுக்கு ஒன்று. எந்த இடத்தில் யார் பணம் கேட்டாலும், மனசுக்குள் மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு ரசீது தருவாரா? இதே பெயரில் கணக்கில் எழுதுவாரா? இவருடைய மேலதிகாரி எதிரில் நின்றாலும் கேட்பாரா? மூன்றில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தால், அவர் அதற்கு என்ன பெயர் சொன்னாலும், நீங்கள் சரியான பெயரைச் சொல்லுங்கள். உரக்கச் சொல்ல வேண்டாம், உங்கள் மனசுக்குள் சொன்னாலே போதும்; கை தானாகத் தயங்கும். எல்லா இடத்திலும் எதிர்த்து நிற்க முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. தள்ளுவண்டி வைத்திருப்பவரிடம் போய் வீரம் பேசுவது எனக்கு அழகல்ல. அவர் கொடுப்பது பயத்துக்கு. அவரைக் குற்றவாளி என்று நான் சொல்ல மாட்டேன். நம்மைப்போலப் படித்து, மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த சாக்கு கிடையாது.

முன்னாள் மாணவர்களுக்கு ஒன்று. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை நம் ஆட்கள் இல்லாத கம்பெனி குறைவு. சூப்பர்வைசராக, ஸ்டோர்ஸில், எச்.ஆரில், சொந்தப் பட்டறை வைத்து என்று இருக்கிறீர்கள். எந்தக் கம்பெனியில் எப்போது ஆள் எடுக்கிறார்கள், நேரடியாக எப்படி விண்ணப்பிப்பது, யார் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடத் தரத் தேவையில்லை என்ற மூன்று விஷயத்தை வருடத்துக்கு ஒருமுறை இந்தச் சங்கம் அச்சடித்து இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கட்டும். மலருக்கு விளம்பரம் திரட்டுகிற உழைப்பில் கால்வாசி போதும். ஒரு பிள்ளையின் வீட்டுக் கம்மல் தப்பித்தால்கூட இந்தக் கூடலுக்கு அர்த்தம் உண்டு.

மாமூல் என்பது முதலில் கடைமடைக்காரனுக்கும் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்ற ஏற்பாட்டுக்குப் பெயர். அந்த அர்த்தத்தில் ஒரு மாமூலை இந்தச் சங்கம் இந்த வருடம் தொடங்கிவைக்கலாம். வருடம் தவறாமல் நடந்தால், பத்து வருடத்தில் அது நிஜமாகவே மாமூல் ஆகிவிடும்.